பிள்ளைகளையும் புதிய விசுவாசிகளையும் பராமரித்தல்: ஓர் எளிய விளக்கம்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள எந்தத் திருச்சபையை எடுத்துக்கொண்டாலும், விசுவாசத்தில் இளையவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் இரண்டு வகையினராக இருப்பார்கள். ஒரு வகையினர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, தாயின் மடியில் இருந்தபடியே ஆராதனைக்கு வந்து பழகிய பிள்ளைகள். மற்ற வகையினர், வேறு நம்பிக்கையில் வளர்ந்து, திருமணம் முடித்துக் குடும்பம் நடத்தும் வயதில் இயேசு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பெரியவர்கள். இவர்கள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே புரிந்துகொண்டு, ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் சோதனை வரும்போது நிலைத்து நிற்கவும் கற்றுக்கொள்ளும்வரை உடனிருந்து வளர்ப்பதையே பராமரிப்பு என்கிறோம். போதனை அதில் ஒரு பகுதி மட்டுமே.

இருவருக்கும் தேவை ஒன்றுதான் என்று எண்ணி, ஆளுக்கொரு வகுப்பை ஏற்படுத்திவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பது பல சபைகளில் காணப்படும் குறை. பிள்ளைக்கு வீடு இருக்கிறது. விசுவாசத்தைப் பற்றிய கேள்வி இன்னும் எழவில்லை. புதியவருக்குக் கேள்வி எழுந்து, பதிலும் ஓரளவு கிடைத்துவிட்டது. ஆனால், அதுவரை அவரைத் தாங்கி நின்ற வீடு ஆட்டம் கண்டிருக்கிறது. ஆகவே பிள்ளையின் பராமரிப்பு அதன் சொந்த வீட்டில் தொடங்க வேண்டும் என்பதும், புதியவரின் பராமரிப்பு சபையார் வீட்டுக் கதவு ஒன்று அவருக்குத் திறப்பதில் தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. வகுப்புகள் தேவைதான், அவை வீட்டுக்கு அடுத்தபடியானவை.

வேதாகமம் காட்டும் வழி

பிள்ளைகளை வளர்ப்பதற்கு அடிப்படையான பகுதி உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கும்படி கட்டளையிடும் அந்தப் பகுதி, அதற்குரிய வேளைகளையும் சொல்லிவிடுகிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுத்துக்கொள்ளும்போது, எழுந்திருக்கும்போது. ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றியோ ஆசாரியனைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. பொறுப்பு பெற்றோருடையது; அவ்வார்த்தைகள் முதலில் அவர்கள் இருதயத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதனோடு சேர்ந்தே வருகிறது. புதிய ஏற்பாட்டில், தீமோத்தேயுவின் விசுவாசம் அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முன்பே இருந்தது என்று பவுல் எழுதுகிறார். அவனுடைய தகப்பனோ கிரேக்கன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. அம்மாவும் அம்மாச்சியும் மட்டும் ஆலயத்துக்கு வர, அப்பா வராத வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அவ்வீட்டுப் பெண்கள் இந்த இரண்டு பெயர்களையும் அறிந்திருப்பது நல்லது.

புதிய விசுவாசிகளைப் பற்றிய பகுதிகளிலும் ஆட்களே முன்னால் நிற்கிறார்கள். முன்பு சபையைத் துன்புறுத்தி, பின் மனந்திரும்பிய சவுலை (பின்னாளில் பவுல்) கண்டு எருசலேமின் சீஷர்கள் அஞ்சி ஒதுங்கியபோது, பர்னபா அவரை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் போய், அவருக்காகப் பேசினார். அப்பொல்லோவின் போதனையில் இருந்த குறையைக் கண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் அவரைத் திருத்தாமல், தங்களோடு சேர்த்துக்கொண்டு விவரமாக விளக்கினார்கள். புதியவரின் பிழையைச் சபை நடுவில் சுட்டிக்காட்டுவதில் சுகம் காண்பவர்கள் அந்தத் தம்பதியரின் முறையைக் கவனிக்க வேண்டும்.

இப்பணியைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் உவமை பால். அது மூன்று இடங்களில் ஒரே தொனியில் வரவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது பயனுள்ளது. 1 பேதுரு 2-ஆம் அதிகாரம், புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைப்போல ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருக்கச் சொல்கிறது. அங்கே பால் விரும்பத்தக்கது. 1 கொரிந்தியர் 3-ஆம் அதிகாரத்திலும் எபிரெயர் 5-ஆம் அதிகாரத்திலும், இத்தனை காலம் ஆகியும் இன்னும் பாலிலேயே நிற்கிறீர்களே என்ற கண்டிப்பு ஒலிக்கிறது. தொடக்கத்தில் எளியதைக் கொடுப்பது தவறன்று. பத்து ஆண்டுகள் கழிந்தும் அதையே கொடுத்துக்கொண்டிருப்பதுதான் தவறு. நம் சபைகளில் முப்பது வயது வாலிபர் நோவாவின் பேழையையும் தாவீதின் கவண்கல்லையும் தாண்டி அதிகம் அறியாதிருப்பதற்கு, அவரைவிட அவரை வளர்த்தவர்களே காரணம்.

இந்த மண்ணில் நடந்தது

ஞானஸ்நானம் கொடுத்தபின் பராமரிப்பு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. தூத்துக்குடி வட்டாரக் கடற்கரையான முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் 1530-களில் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்கள் மொழியில் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் சிலர் உதவியோடு தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்துகொண்டு, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி அப்பிள்ளைகளை அனுப்பினார். உபாகமம் காட்டிய திசை இங்கே தலைகீழாக மாறி, பிள்ளை வழியாகப் போதனை வீட்டுக்குள் போயிற்று. எனினும் அது போய்ச் சேர்ந்த இடம் வீடுதான்.

அதே கரையோர மக்களுக்காக இயேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் என்று இலக்கிய வரலாறு போற்றும் அது, பதினாறு பக்கமே கொண்ட ஒரு சிறிய போதனை நூல். தமிழ் அச்சு தொடங்கிய கதைக்குள் புதிய விசுவாசிகளின் தேவை இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மதுரைக்கு 1606-இல் வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர், ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தின் அடிப்படைப் போதனையை, விரிவான தமிழ் உரைநடையில் எழுதினார். ஆனால் அவருக்கும் அவருக்குப் பின்வந்த குருக்களுக்கும் ஊர்கள் அதிகம், ஆட்கள் குறைவு. குரு ஆண்டில் சில முறையே வந்துபோக முடிந்த சிற்றூர்களில், பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, புதியவர்களை ஆயத்தப்படுத்தியவர்கள் உபதேசியார்கள், அதாவது வேதியர்கள். வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற நூலை அவர்களுக்காகவே எழுதினார். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனெரிகள் தொடங்கிய மதுரை மிஷனிலும் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் உபதேசியாரும், வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுத்த பெண் ஊழியர்களும் இதே வேலையைச் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் ஆலயச் சுவரில் பதிக்கப்பட்ட கல்வெட்டுகளில் இராது. இன்று உபதேசியார் பல சபைகளில் கணக்கு எழுதுபவராகவும் காணிக்கை சேர்ப்பவராகவும் சுருங்கிவிட்டார். அதைக் கவலையோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள்

சபைகளின் ஒழுங்குமுறைகள் ஒன்றுக்கொன்று மாறுபடும். கத்தோலிக்கத் திருச்சபையில் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்து, ஞானப்பெற்றோரைப் பொறுப்பாக்கி, மறைக்கல்விக்குப் பின் புதுநன்மையும் (முதல் திருவிருந்து) பிறகு உறுதிபூசுதலும் வழங்குகிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் குழந்தை ஞானஸ்நானமும், விவரம் அறிந்த வயதில் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தலும் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தையைப் பிரதிஷ்டை செய்துவிட்டு, அறிவு தெரிந்து தானே விரும்பும்போது முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. எந்த முறையானாலும், குழந்தையாய் இருந்தபோது பிறர் அதற்காகச் சொன்னதை அது ஒருநாள் தன் வாயால் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பொதுவானது. திடப்படுத்தலுக்கு முன் ஒரு மாதம் அவசரமாக நடத்தப்படும் வகுப்பு அந்தப் பாரத்தைச் சுமக்காது.

ஞாயிறு பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவ்வியக்கம் பரவக் காரணமானவர் என்று சொல்லப்படும் இராபர்ட் ரெய்க்ஸ், 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், வாரத்தின் மற்ற நாட்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் வேதம் அறியவும் கற்பிக்க அதைத் தொடங்கினார். வீட்டில் சொல்லித்தர யாரும் இல்லாத பிள்ளைகளுக்கென ஏற்பட்ட ஒன்றை, வீட்டில் பெற்றோர் இருந்தும் நாம் அவர்களுக்குப் பதிலாக வைத்துவிட்டோம்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய காரியம் அன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடக் குடும்ப ஜெபம்: ஒரு பாட்டு, சிறு வேதபகுதி, அன்று நடந்ததில் ஒன்றுக்காக நன்றி, ஒன்றுக்காக விண்ணப்பம். பிள்ளையையும் ஒரு வரி ஜெபிக்கவிட வேண்டும். தகப்பன் அரைமணி நேரம் ஜெபித்து, முழங்காலில் நின்றபடியே பிள்ளைகள் தூங்கிச் சரியும் ஜெபத்தைவிட இது மேல். அதைக் காட்டிலும் பிள்ளை கவனிப்பது, ஜெபம் முடித்து எழுந்த அப்பா அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார், காய்கறிக்காரரிடம் மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் அம்மா என்ன செய்கிறார் என்பவற்றையே. பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கும்படி எபேசியர் 6:4 பிதாக்களுக்குச் சொல்வதும் இங்கே நினைக்கத்தக்கது.

வகுப்பில் மனப்பாட வசனத்துக்கு உரிய இடம் உண்டு. சிறுவயதில் மனத்தில் பதிந்த வேதாகமச் சங்கீதம் முதுமையில் நினைவு மங்கும்போதும் உதவுகிறது. ஆனால் போட்டிக்காக ஒப்புவித்துப் பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கியதோடு வசனத்தின் வேலை முடிந்துவிடுவதும் உண்டு. திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஆலயத் தாழ்வாரத்தில் நடக்கும் வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். பாய் விரித்து இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று ஒரு சிறுமி கணீரென்று ஒப்புவிக்கிறாள். ஒப்புவித்த பிறகும் உட்காராமல், “அப்ப ஏன் டீச்சர் எங்கப்பாவுக்கு மில்லுல வேல போச்சு?” என்று கேட்கிறாள்.

இந்தக் கேள்வி வந்த நொடியில்தான் பராமரிப்பு தொடங்குகிறது. “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று ஆசிரியை சொன்னால், ஆலயத்தில் கேட்கக் கூடாத கேள்விகள் உண்டு என்பதை அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் எளிதில் மறக்காது. “விசுவாசம் இருந்தால் எல்லாம் கிடைக்கும்” என்றால், அப்பாவுக்கு விசுவாசம் இல்லை என்று அவள் முடிவுகட்டுவாள். அவ்வேளையில் அவள் ஒப்புவித்த அதே 23-ஆம் சங்கீதத்தில் மேலும் சில வரிகள் போகலாம். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளை, அதாவது ஆடு மேய்ப்பவர்களை, அந்தப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆடு எங்கே போனாலும், வெயிலோ மழையோ, கீதாரியும் கூடவே போகிறார். இரவில் கிடைக்குப் பக்கத்திலேயே படுக்கிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அது இல்லை என்று சங்கீதக்காரன் சொல்லவில்லை, தேவரீர் என்னோடு இருக்கிறீர் என்கிறான். “அப்பாவுக்கு ஏன் வேலை போச்சுன்னு எனக்கும் தெரியலம்மா. நாம சேர்ந்து ஜெபிப்போம்” என்று ஆசிரியை சொல்லி, அந்த வாரத்திலேயே அவள் வீட்டுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த வசனத்தின் பொருளை அந்தச் சிறுமி வகுப்பில் கற்றதைவிட அதிகமாகக் கற்றுக்கொள்வாள்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குமேல் கேள்விகளின் தன்மை மாறும். கிறிஸ்துவை அறியாமலே இறந்துபோன அப்பத்தா எங்கே இருப்பார், பள்ளியில் படிக்கும் பரிணாமக் கொள்கையும் ஆதியாகமமும் எப்படிப் பொருந்தும், பக்கத்து வீட்டு அக்கா கும்பிடும் சாமி பொய்யா என்றெல்லாம் கேட்பார்கள். இவற்றுக்கு ஒரு வரி விடை கிடையாது. விடை தெரிந்தவர்போல் நடிக்கும் ஆசிரியரை அந்த வயதுப் பிள்ளைகள் உடனே இனம் கண்டுகொள்வார்கள். பக்கத்து வீட்டாரின் நம்பிக்கையை இகழ்ந்து பேசக் கற்றுக்கொடுப்பது போதனையே ஆகாது.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மே மாதத்தில் தெருவிலுள்ள எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவதுண்டு. பிற நம்பிக்கைக் குடும்பத்துப் பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரிந்தே வர வேண்டும். அங்கு என்ன சொல்லித்தரப்படுகிறது என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். அப்பிள்ளைகளைப் பெற்றோர் அறியாமல் ஞானஸ்நானத்துக்கோ தீர்மான ஜெபத்துக்கோ உட்படுத்தக் கூடாது.

இன்னொரு காரியத்தில் தயக்கத்துக்கு இடமில்லை. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி மத்தேயு 18:6-இல் இயேசு சொன்னதைவிடக் கடுமையான சொல் சுவிசேஷங்களில் அரிது. எந்தப் பெரியவரும், அவர் போதகரே ஆனாலும், பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்ட யாரும் குழந்தையே. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பதும் தண்டனைக்குரியது. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று பேசி முடிப்பது சட்டத்துக்கும் சுவிசேஷத்துக்கும் விரோதமானது. குழந்தைகள் உதவி எண் 1098 என்பதை வகுப்பு நடக்கும் இடத்தில் எழுதி ஒட்டலாம்.

புதிய விசுவாசிகள்

ஒரு பெண் முதன்முறையாக ஆராதனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். செருப்பை எங்கே விடுவது, பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்கிறார்கள், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று எதுவும் தெரியாது. பாட்டு எண்ணைச் சொல்கிறார்கள். அவர் கையில் இருப்பது கீர்த்தனைப் புத்தகமா ஞானப்பாட்டுப் புத்தகமா என்பது புரியவில்லை. “மாற்கு இரண்டு, ஒன்று முதல் பன்னிரண்டு” என்கிறார்கள். மாற்கு என்பது ஒரு புத்தகம், இரண்டு என்பது அதிகாரம், மற்றவை வசனங்கள் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? பக்கத்தில் இருப்பவர் தன் வேதாகமத்தை அவர் பக்கமாகச் சாய்த்து, வாசிக்கும் வரியின்மேல் விரலை வைத்தால் போதும். அதை விட்டுவிட்டு, ஆராதனை முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டு, “எந்த ஊரு? என்ன ஆளுக?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சாதியைத் தெரிந்துகொண்ட பிறகே இடம் கொடுக்கும் சபையில் அந்தப் பெண் எத்தனை வாரம் நிற்பார்?

இந்தச் சின்னச் சின்ன உபசரிப்பு புதிய யோசனை அன்று. கி.பி. 400-ஆம் ஆண்டளவில், புதியவர்களுக்குப் போதிப்பதில் சலிப்பு ஏற்படுகிறது என்று முறையிட்ட வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் (டீக்கன்) ஒருவருக்கு எழுதிய புனித அகுஸ்தினார், கேட்பவர் களைத்திருந்தால் அவரை உட்காரவைக்கச் சொன்னார். கேட்பவர் நின்றுகொண்டே கேட்பது அங்கு அக்கால வழக்கம். மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நாற்காலி போடுவதும் அந்த வழியைச் சேர்ந்ததே.

என்ன கற்பிப்பது என்பதில் சபைகளிடையே வேறுபாடு அதிகம் இல்லை. விசுவாசப்பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள், திருமுழுக்கு, திருவிருந்து ஆகிய ஐந்தும் ஏறக்குறைய எல்லா ஞானோபதேசங்களிலும் உள்ளன. வேத வாசிப்பை மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம். 16 அதிகாரங்களே உள்ள அதை நாளுக்கு ஒன்றாக வாசித்தால் சுமார் இரண்டு வாரத்தில் இயேசுவின் ஊழியமும் மரணமும் உயிர்த்தெழுதலும் தெரிந்துவிடும். ஆதியாகமத்தில் தொடங்கும் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். 1871-இன் பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைக் கொடுக்கலாம். பழைய நடைக்குப் பிறகு பழகிக்கொள்வார். எழுத்தறியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும்; கைப்பேசியில் ஒலி வேதாகமமும் உண்டு.

கற்பிப்பது எளிது. வீட்டு விவகாரங்களே கடினம். மாசி மாதச் சிவராத்திரிக்கு உசிலம்பட்டி வட்டாரத்தில் பங்காளிகள் எல்லாரும் குலதெய்வக் கோயிலில் கூடும்போது, வீட்டின் மூத்த மகன் வராவிட்டால் அது நம்பிக்கை சார்ந்த காரியமாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. இரத்த உறவையே அறுத்துக்கொண்டதாகப் பார்க்கப்படுகிறது. ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்டு வருகிறார்கள். கிடா வெட்டிய விருந்துக்கு அத்தை வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. “போகலாமா, கூடாதா?” என்று புதியவர் கேட்கும்போது, சபையில் பிறந்து வளர்ந்தவர்கள் யோசிக்காமல் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை.

பவுல் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றைப் பற்றி 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் நீண்ட விளக்கம் தருகிறார். விக்கிரகப் பந்தியில் பங்குகொள்ளும் வழிபாட்டை விட்டு விலகச் சொல்கிறார். ஆனால் அவிசுவாசி ஒருவர் வீட்டுக்கு அழைத்தால், பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுத் தவிர்க்கச் சொல்கிறார். இதை அடிப்படையாகக் கொண்டு சபைகள் வெவ்வேறு முடிவுகளுக்கு வருகின்றன. என் கருத்தில், அத்தையின் வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும். பொங்கலுக்கும் காதுகுத்துக்கும் மொய்யோடும் சீரோடும் நிற்க வேண்டும். பூசையில் கைகூப்புவதைப் பற்றி மட்டும் முன்கூட்டியே பணிவாகப் பேசிவிட வேண்டும். தலைக்கட்டு வரிக்குப் பதிலாக ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றுக்கு அதே தொகையைத் தருவதாகச் சொல்லி, ஊராரும் ஏற்றுக்கொண்டால் அது நல்ல வழி. இவை எதையும் முதல் மாதத்திலேயே அவர்மேல் சட்டமாகச் சுமத்தக் கூடாது. விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவனுடைய ஐயங்களைக் குற்றமாய் நிர்ணயிக்காதிருங்கள் என்ற ரோமர் 14:1 இத்தகைய வேளைகளுக்கு உரியது.

மரணம் இன்னும் கடினமானது. தகப்பனார் இறந்து, கொள்ளி வைக்க வேண்டிய மகன் விசுவாசியாக இருந்தால், ஊர் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று சபையார் கேதம் கேட்கப் போகாமல் இருப்பது பெரிய குற்றம். அவர்கள் போய் வாசலில் உட்கார்ந்து, தண்ணீர் சுமந்து, பந்தல்கால் பிடித்தால், “நீ போன இடத்துல உனக்கு ஆளு இருக்கு” என்று உறவினர்களே சொல்வார்கள். சடங்கில் எதுவரை பங்குகொள்வது என்பதை மகனும் போதகரும், முடிந்தால் தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே, பேசிவைத்திருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு முன் உண்மையைச் சொல்வதும் பராமரிப்பே. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவத்துக்கு வரும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது நியாயமா என்பது தனி விவாதம். பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையின்போது முதன்முறையாக இதைக் கேள்விப்படும் நிலைக்கு ஒருவரை விடக் கூடாது. அதேபோல, வேலை, பணம், நோய் தீரும் என்ற வாக்கு இவற்றைக் காட்டி யாரையும் இழுக்கக் கூடாது. அப்படி வந்தவர் காய்ச்சல் திரும்பும் நாளில் போய்விடுவார். போகும்போது, ஏமாற்றப்பட்டேன் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை கத்தோலிக்கத் திருச்சபை 1972-இல் புதுப்பித்த பெரியோர்க்கான புகுமுகச் சடங்கு நல்ல முன்மாதிரி. ஆதித் திருச்சபையின் வழக்கத்தைப் பின்பற்றி, பல படிகளில் ஆயத்தம் செய்து, பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவு வழிபாட்டில், திருமுழுக்கு அளித்து, அதற்குப் பின்னும் பெந்தெகொஸ்து வரை போதனையைத் தொடர்கிறார்கள். ஞானஸ்நானத்தன்று புகைப்படம் எடுத்து, பிரியாணி போட்டு, அடுத்த ஞாயிறு முதல் அவரைக் கூட்டத்தில் ஒருவராக விட்டுவிடும் சபைகள் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. மாறிய வாழ்க்கைக் கதை விறுவிறுப்பாக இருந்தால், ஞானஸ்நானம் பெற்ற மூன்றாம் மாதமே அவரைச் சாட்சி சொல்ல ஊர் ஊராக அழைத்துப் போகிறார்கள். நூதன சீஷன், அதாவது புதிய விசுவாசி, சபையின் கண்காணியாகக் கூடாது, இறுமாப்படைவான் என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது. சொல்லச் சொல்ல சாட்சி வளரும். கைதட்டலுக்கு ஏற்றபடி பழைய பாவமும் வளரும். முதல் ஆண்டில் அவருக்குச் சிறு பொறுப்புகள் போதும்: பாய் விரிப்பது, மருத்துவமனையில் இருப்பவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது, பிள்ளைகளின் வகுப்பில் உதவிக்கு நிற்பது. இந்தக் கடைசிப் பொறுப்பில் எனக்குத் தனி நம்பிக்கை உண்டு. வேதாகமக் கதைகளை ஏழு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து முதன்முறையாகக் கேட்கும் பெரியவர், கேட்க வெட்கப்பட்டதை எல்லாம் அங்கே கற்றுக்கொள்வார். எப்போதும் இன்னோர் ஆசிரியரோடு, அவர் பார்வையில் அது நடக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி இவருக்கும் பொருந்தும்.

நடைமுறையில் ஒருவரை மற்றொருவரோடு இணைப்பதே முதல் வேலை. ஒவ்வொரு புதியவருக்கும் சபையில் ஒரு குடும்பம் பொறுப்பேற்க வேண்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது நம் ஊர் வழக்கத்துக்கு ஏற்றது. மாதம் ஒருமுறை தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்பது, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவது, இரண்டு வாரம் ஆராதனைக்கு வராவிட்டால் குறை சொல்லாமல் நேரில் போய்ப் பார்ப்பது ஆகியவை அந்தக் குடும்பத்தின் கடமை. போதகர் ஒருவரே எல்லாரையும் பார்ப்பார் என்று விட்டுவிட்டால் யாரையும் பார்க்க முடியாமற்போகும். ஞானஸ்நானப் பதிவேடு எல்லாச் சபைகளிலும் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு சாதாரண நோட்டு இருக்கட்டும். அது பலர் கையில் புழங்கும் என்பதால், ஒருவர் நம்பிச் சொன்ன குடும்ப விவகாரத்தை அதில் எழுதக் கூடாது. பெயர், பொறுப்பேற்ற குடும்பம், அடுத்துப் போய்ப் பார்க்க வேண்டிய தேதி ஆகிய மூன்றும் போதும்.